ஒன்பதாவது சில்லு

மாப்பிள்ளையின் வாய் திறந்தது திறந்தபடி நின்றுபோனது. மூடவே இல்லை.

மாப்பிள்ளை பிரதீப் மஸ்கட்டில் இருந்தான். அவன் வாய் மட்டும் போடிநாயக்கனூரில், ஜக்கையன் வீட்டு முன்னறையில், கம்ப்யூட்டர் திரை நிறைய இருந்தது. எதிரே ஒரு ஜீப்பு நிறைய வந்திறங்கிய பெண் வீட்டார் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து அந்த வாயையே பார்த்தார்கள். ஜக்கையன் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். வாய் அசையவில்லை. கீழ்வரிசையில் ஒரு பல் அடைத்திருப்பதைப் பெண்ணின் அத்தை கண்டுபிடித்துப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். அவ்வளவு நேரம் நின்றது.

நேரம் கெட்ட நேரம். அதற்கு ஒரு மூச்சு முன்னால்தான் பானுப்பிரியா அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாள். அவள் போடிமெட்டில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் அலுவலகம் பார்க்கிறவள். கணக்கு, கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் அவள் கையில். "கல்யாணத்துக்குப் பிறகும் இந்த வேலையை விடமாட்டேன். உங்களுக்குச் சம்மதமா?" என்று நேராகவே கேட்டாள். பிரதீப் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நின்றான்.

அந்த வாய் என்ன சொல்ல வந்தது என்பதில் வீட்டுக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

"கோவத்துல தொறந்த வாயி அது" என்றார் பெண்ணின் அப்பா முத்துக்கிருஷ்ணன். "அதட்ட வந்த வாயி."

"சிரிக்க வந்த வாயிண்ணே" என்றாள் ஜக்கையனின் மனைவி பொற்கொடி. "நல்லா பாருங்க, ஓரத்துல சிரிப்பு இருக்கு."

"ஓரத்துல இருக்கது மீசை."

வரன் பார்த்துச் சேர்த்து வைப்பதில் போடி வட்டாரத்தில் பொற்கொடிக்கு நல்ல பெயர். அவளிடம் இரண்டு சட்டம் உண்டு. இரண்டு வீடும் தலையாட்டும் வரை போன் நம்பர் கை மாறக்கூடாது. முதல் பேச்சு அவள் வீட்டில், பெரிய திரையில், எல்லோர் முன்னாலும் நடக்க வேண்டும். குடும்பமே ஒரு செல்போனுக்குள் தலையை விட்டு முட்டிக்கொள்வது அவளுக்குப் பிடிக்காது. போதாததற்கு, போடிமெட்டில் செல்போன் ஒரு நேரம் தமிழ்நாட்டில் இருக்கும், ஒரு நேரம் கேரளாவில் இருக்கும், மழை பெய்தால் இரண்டிலும் இருக்காது.

தேவாரம் ஊரில் இருக்கும் பையனின் அம்மா மறுநாளே பொற்கொடிக்குப் போன் போட்டு, "எங்களுக்குச் சம்மதம்தான்" என்றாள். பானுப்பிரியா அதை ஏற்கவில்லை. "நான் கேட்டது அவரை. அவரு வாயிலருந்து வரட்டும்" என்று சொல்லி அனுப்பினாள். முத்துக்கிருஷ்ணன் ஒரு கெடு வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காரலாம். அன்றைக்கும் நின்றுபோனால், சகுனம் சரியில்லை என்று வேறு இடம் பார்த்துக்கொள்வோம்.

"புது மிஷினு வாங்குங்க" என்றாள் பொற்கொடி.

"எதுக்கு? இதுக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சலா? பிள்ளைக்கு வாய மூட விடமாட்டேங்குது."

"நான் சரி பண்றேன். ஞாயித்துக்கெழம அவன் வாயி தொறந்து மூடும், தொறந்து மூடும். நீ அலுத்துப்போயிருவ, பாரு."

ஜக்கையன் ஏலக்காய் வியாபாரி. அவர் வீட்டில் எதுவும் புதிதாக வந்ததில்லை. நாற்காலி, தராசு, பீரோ, ஸ்கூட்டர் எல்லாம் யாரிடமோ பேசி மடக்கி வந்தவை. கட்டிய பெண்டாட்டியைத் தவிர எல்லாவற்றையும் விலை குறைத்துத்தான் வாங்கினேன் என்று அவர் கடைத்தெருவில் சொல்வதுண்டு. பொற்கொடி காதில் விழாத தூரத்தில் சொல்வார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கும் மாரீஸ்வரன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மிஷினு நல்ல மிஷினுதாண்ணே. மெமரிதான் பத்தல" என்றான்.

"அதான் உள்ள அம்புட்டுப் படமும் பாட்டும் கெடக்கே, எடம் இல்லாமலா?"

"அது வேற எடம்ணே. அது குடோனு. நான் சொல்றது, சரக்கை வெளிய கொண்டாந்து பரப்பி வேலை பாக்குற எடம்."

"காயைக் கொட்டிப் பரப்புற படுதா மாதிரியா?"

"அதேதான். குடோனு பெருசா இருந்தாலும் படுதா சிறுசா இருந்தா எம்புட்டுப் பரப்ப முடியும்? நீங்க போடுற வீடியோவுக்கு மிஷினு பாதியை விரிக்கிது, மிச்சத்துக்கு எடம் இல்லாம நிக்கிது."

இது ஜக்கையனுக்குச் சட்டென்று பிடிபட்டது. படுதாவைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதானே. மாரீஸ்வரன் மேசை டிராயரைத் திறந்து, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இரண்டு பச்சைப் பட்டைகளை எடுத்து வைத்தான். பட்டைக்கு எட்டுக் கறுப்புச் சில்லுகள். "ரெண்டையும் போட்டுட்டா குதிரை மாதிரி ஓடும்."

ஜக்கையன் பட்டையைப் பார்க்கவில்லை. சரக்கு வாங்கும்போது சரக்கைப் பார்க்கிற ஆள் இல்லை அவர். டிராயருக்குள் பார்த்தார்.

"உள்ள ஒண்ணை ஒளிச்சு வச்சிருக்க, அது என்னப்பா?"

"ஒளிக்கலண்ணே. அது உங்களுக்கு ஆகாது."

ஆகாது என்ற சொல் ஜக்கையனின் காதில் வேறு மாதிரி விழுந்தது. இத்தனை வருட வியாபாரத்தில் யார் அவரிடம் "இந்த மூட்டை உங்களுக்கு ஆகாது" என்று சொன்னாலும், பிரித்துப் பார்த்தால் அதில் பச்சை மாறாத முதல்தரக் காயாக இருக்கும். மதுரைப் பார்ட்டிக்கு எடுத்து வைத்திருப்பான். விற்கிறவன் தள்ளிவிடுகிற சரக்கை வாங்காதே, மறைக்கிற சரக்கை விடாதே என்பதுதான் அவர் கற்ற பாடம்.

"எடு அதை."

எடுத்தான். ஜக்கையன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டுவதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விரல் வைத்து எண்ணினார்.

"அதுல எட்டு. இதுல ஒன்பது. நடுவுல குட்டி ஒண்ணு வேற. கொசுறுக்கு மேல கொசுறு. இதை வச்சுக்கிட்டு எனக்கு எட்டைக் காட்டுறியா?"

"அண்ணே, அது கம்பெனியில பெரிய மிஷினுல இருந்து கழட்டுனது..."

"கம்பெனிக்காரன் மட்டமானதை வாங்குவானா?"

மாரீஸ்வரன் டிராயரை மூடினான். கம்பெனிக்காரன் மட்டமானதை வாங்க மாட்டான்தான்.

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன். கொண்டுபோனா திரும்ப வாங்க மாட்டேன்."

"திருப்பிக் குடுக்குற பழக்கம் எங்க பரம்பரையிலயே கெடையாது. வெலையச் சொல்லு."

சொன்னான். ஜக்கையன் அதில் பாதி கேட்டார். மாரீஸ்வரன் சரி என்றான். அப்படி லேசாக இறங்கியதே ஒரு மனிதனை உறுத்தியிருக்க வேண்டும். ஜக்கையனுக்குத் தன் திறமையைப் பற்றித்தான் எண்ணம் ஓடியது. கடைவாசலில் கற்பூரவள்ளிப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஏலக்காய்த் தோலும் தூசியும் மெத்தை மெத்தையாக இருந்தன. அதை ஊதித் தள்ளி, பழைய பட்டையைக் கழற்றி, புதியதைக் குழியில் வைத்து அழுத்தினார். பாந்தமாக உட்கார்ந்தது. பொத்தானை அமுக்கினார்.

பீ.

திரை கறுப்பு. பீ. பீ. பீ.

"என்ன சொல்லுது?" என்றாள் பொற்கொடி, அடுப்படியிலிருந்து.

"பழகிக்கிட்டிருக்கு."

"யாரோட?"

கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். பீ. பழைய பட்டையைத் துணைக்குப் பக்கத்துக் குழியில் போட்டுப் பார்த்தார். பீ. புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் போட்டதும், ஒன்றும் நடக்காததுபோல மிஷின் எழுந்து கொட்டாவி விட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை கடைக்குப் போனபோது அந்த எட்டுச் சில்லுப் பட்டைகள் இல்லை. குரங்கணிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் வந்து எடுத்துப் போயிருந்தார். "பழைய மாடல்ணே. இப்ப யாரும் செய்யிறதில்ல. மதுரையில இருந்து லோடு செவ்வாக்கெழம வருது" என்றான் மாரீஸ்வரன். நான் நேற்றே சொன்னேனே என்று அவன் சொல்லாததுதான் ஜக்கையனைச் சுட்டது. நல்ல வியாபாரி அப்படித்தான் சொல்லாமல் விடுவான்.

பொற்கொடி திட்டவும் இல்லை, அழவும் இல்லை. முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்குக் காலையில மெட்டுக்கு ஏறுங்க. முத்துக்கிருஷ்ணன் அண்ணனை நேருல பாத்து, ஞாயித்துக்கெழம ஆகாதுன்னு சொல்லிட்டு வாங்க. போன்ல சொன்னா நல்லா இருக்காது. மூஞ்சியக் காட்டிச் சொல்லணும்."

"அவரு வேற எடம் பாப்பேன்னு சொன்னாரே."

"பாக்கட்டும். அந்தப் பிள்ள கேட்ட கேள்விக்கு இன்னொருத்தன் வாயத் தொறக்கட்டும். நமக்குக் குடுப்பினை இல்ல."

ஜக்கையனுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் முறை ரசம் ஊற்றிக்கொண்டார் என்றாலும்.

சனிக்கிழமை காலையில் வேலையாட்கள் போகிற ஜீப்பில் தொற்றி ஏறினார். சட்டைப் பையில் ஓர் ஏலக்காய் சாம்பிள் கவர். அதற்குள் ஒன்பது சில்லு. ஏன் எடுத்துப் போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. விற்காத சரக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இல்லை, அவ்வளவுதான். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு திரும்பத் திரும்ப, சொல்ல வேண்டிய சேதியை மனதுக்குள் இனிப்பாக்கிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கசப்பாகவே இருந்தது.

அதே எஸ்டேட்டில் வேலை பார்க்கிற முத்துக்கிருஷ்ணன் அலுவலகத்தில் இல்லை. ஏலக்காட்டுக்குள் போயிருந்தார். பானுப்பிரியா மட்டும் இருந்தாள். பக்கத்து ஸ்டோரில் காய் காய்கிற வாசனை அறை முழுக்க இருந்தது.

"வாங்க சித்தப்பா. காப்பி சாப்பிடுறீகளா? என்ன, மொகமே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல தாயி. நாளைக்கு... அப்பாவப் பாத்து ஒரு வார்த்த..."

"நாளைக்கு இல்லையா?"

கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் வியாபாரம் பேசுவது கஷ்டம். ஜக்கையன் பைக்குள் கையை விட்டுக் கைக்குட்டை தேடினார். கவர் வெளியே வந்தது.

"சாம்பிளா? யாரு தோட்டத்துக் காயி?" என்று வாங்கி அவள் மேசையில் கவிழ்த்தாள். பட்டை விழுந்தது. ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள், தோள் குலுங்கியது.

"இதைப் போயி வீட்டு மிஷினுக்கா வாங்குனீங்க?"

"ஒன்பது இருந்துச்சு தாயி."

"ஒன்பது இருக்குதான். ஆனா வேலை பாக்குறது எட்டுப் பேருதான் சித்தப்பா. ஒன்பதாவது ஆளு கங்காணி. மத்தவங்க சரியாச் செமக்குறாங்களான்னு பாக்குறவரு. நடுவுல இருக்க குட்டி, கேட்டுல நிக்கிற ஆளு. அவரைத் தாண்டித்தான் எதுவும் உள்ள போகும். பெரிய மிஷினுக்குத்தான் இந்தப் பவுசெல்லாம். உங்க மிஷினு சின்னக் குடும்பம். கங்காணி வந்து நின்னா வாசலைத் தொறக்காது."

"அதான் பீயின்னு கத்துச்சா?"

"யாரு நீயின்னு கேட்டுருக்கு."

ஜக்கையன் தலையைச் சொறிந்தார். அவமானமாக இருந்தது, ஆனால் விளக்கம் அழகாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவர் கண் மேசைக்கு அடியில் போனது. அங்கே தூசி படிந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி, கயிறு கட்டிக் கிடந்தது.

"அது என்னம்மா?"

"செத்துப்போச்சு. காயிலாங்கடைக்குப் போகணும்." பானுப்பிரியாவும் அதைப் பார்த்தாள். பிறகு மூலையில் உறுமிக்கொண்டிருந்த பெரிய பெட்டியைப் பார்த்தாள். "ஸ்டோர் கேமராவெல்லாம் அந்த சர்வர்லதான் ஓடுது. அதுக்கும் மெமரி பத்தாம நாலு கேமராவை அணைச்சு வச்சிருக்கேன். அதுக்கு உங்க கங்காணி பொருந்துவாரு. இந்தச் செத்ததுக்குள்ள கெடக்குற ரெண்டு மெமரி உங்க மிஷினுக்குப் பொருந்தும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜக்கையனின் முதுகு தானாக நிமிர்ந்தது. தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டார்.

"என்னோடது ஒசந்த சரக்கு" என்றார். "உன்னோடது செத்த மிஷினுல கெடக்குறது. ஒண்ணுக்கு ரெண்டு."

"ரெண்டும் குடுக்குறேன். மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

போன் போட்டாள். மறுமுனையில் மேனேஜர் மலையாளத்தில் சம்மதம் சொல்வது வெளியிலேயே கேட்டது: "எடுத்தோட்டே மோளே. கேமரா ஓடியா மதி."

"ஆனா எனக்கும் ஒரு கொசுறு வேணும் சித்தப்பா" என்றாள் போனை வைத்துவிட்டு.

"கேளு."

"நாளைக்கு அவருகிட்ட நான் தனியாப் பேசணும். முன்னறையில ஒருத்தரும் இருக்கக்கூடாது. அப்பாவும்."

"உங்க அப்பாவையா? அவரு எந்திரிக்க மாட்டாரே. பொற்கொடி சட்டத்துலயும் அது இல்லையே."

"அப்ப ஒண்ணுக்கு ஒண்ணுதான்."

ஜக்கையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணப் பெண் என்பதை மறந்து, எதிர்த் தராசில் உட்கார்ந்திருப்பவளாகப் பார்த்தார். ஒரு ரூபாய் இறங்க மாட்டாள் என்று தெரிந்தது.

"சரி. அது என் பொறுப்பு. கழட்டு."

அவள் இரண்டு பட்டைகளைக் கழற்றினாள். பென்சில் அழிக்கும் ரப்பரால் அவற்றின் பொன்னிறப் பற்களைத் தேய்த்துத் துடைத்தாள். "உங்க மிஷினுக்கு இதே ஜாதிதான், போன வாரமே பெட்டியில மாடலைப் பாத்துட்டேன். போடும்போது ரெண்டு பக்கமும் டக்குன்னு சத்தம் கேக்கணும். கேக்காம விட்டா மறுபடி பீதான்." கவருக்குள் போட்டு, வாயை மடித்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தாள். முத்துக்கிருஷ்ணன் காட்டிலிருந்து வந்தபோது ஜக்கையன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, இம்புட்டுத் தூரம்?"

"சும்மாதான். நாளைக்கு வெரசா வந்துருங்கன்னு சொல்லிட்டுப் போகலாம்னு."

இறங்குகிற ஜீப்பில் அவர் பாட்டு முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மிஷின் டக் என்று இரண்டு, டக் என்று இரண்டு சத்தம் போட்டுப் பட்டைகளை வாங்கிக்கொண்டது. பொத்தானை அமுக்கியதும் ஒரே ஒரு குட்டிச் சத்தம், உடனே வெளிச்சம். பொற்கொடி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். பாராட்டவில்லை. ஆனால் தேங்காய்ச் சட்னியில் அன்றைக்குப் பொட்டுக்கடலை குறைவாகவும் தேங்காய் தாராளமாகவும் இருந்தது. ஜக்கையனுக்கு அது போதும்.

பெண் வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். பிரதீப் திரையில் வந்தான், வணக்கம் சொன்னான், வாய் மூடியது. அறை முழுக்க மூச்சு வந்தது. முத்துக்கிருஷ்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, பேச்சை ஆரம்பிக்கத் தொண்டையைக் கனைத்தார்.

அந்த நேரம் பார்த்து முற்றத்திலிருந்து ஜக்கையனின் குரல் வந்தது. "அண்ணே, ஒரு நிமிசம். இந்தக் காயை ஒருத்தன் முதல்தரம்னு தலையில கட்டப் பாக்குறான். நீங்க ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க."

அவர் முற்றத்தில் படுதா விரித்து, முதல்தரக் காயையும் இரண்டாம்தரத்தையும் வேண்டுமென்றே கலந்து கொட்டியிருந்தார். மலையில் பிறந்தவனிடம் ஏலக்காயைக் காட்டி அபிப்பிராயம் கேட்டால், அவன் மணமேடையில் இருந்தாலும் இறங்கி வருவான். முத்துக்கிருஷ்ணன் எழுந்தார். "இதையா முதல்தரங்கிறான்?" என்று அவர் குரல் உயர்ந்ததும் பெரியப்பா எழுந்தார். அவர் மறுத்துப் பேசவும் மச்சான் எழுந்தார். பிறகு அத்தை. ஆளுக்கு ஒரு கை அள்ளி, கடித்து, துப்பி, சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னறை காலி. பொற்கொடி கதவோரம் நின்று புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. தன் சட்டம் மீறப்படுவதைக் கண்டுகொள்ளாமல், மீதி இருந்த ஒரு சின்னம்மாவையும் "வாங்க, காப்பி ஆறுது" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

ஜக்கையனால் முற்றத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் நகர்ந்து எட்டிப் பார்த்தார்.

திரையில் பிரதீப். வாய் திறந்திருந்தது. அசையவில்லை.

ஜக்கையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து, பெட்டியின் தலையில் அடிக்கக் கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க சித்தப்பா" என்றாள் பானுப்பிரியா. "மிஷினு நல்லாத்தான் ஓடுது. அவரு தலைக்கு மேல ஃபேன் சுத்துது பாருங்க."

பார்த்தார். சுற்றியது.

"அப்ப இவருக்கு என்ன?"

"மொதக் கேள்விக்கு டக்குன்னு பதில் சொல்லிட்டாரு. அன்னைக்கே சரின்னுதான் சொன்னாராம். நின்னுபோனது தெரியாம ரெண்டு தடவ சொன்னாராம். அங்க காண்ட்ராக்டு முடிஞ்சதும் ஊருப்பக்கமே வேலை தேடுறதாவும் சொன்னாரு." அவள் முகம் சிவந்திருந்தது, குரலில் மட்டும் எஸ்டேட் அலுவலகம் இருந்தது. "இப்ப கொசுறா ஒண்ணு கேட்டேன். அதுக்குத்தான் இப்பிடி."

"என்ன கேட்ட?"

"சமைக்கத் தெரியுமான்னு."

மஸ்கட்டில் வாய் மெல்ல அசைந்தது. "ரசம் வரும்" என்றான் பிரதீப்.

"வேற?"

அவன் யோசித்தான். நேர்மையான பையன் என்பது அவன் எடுத்துக்கொண்ட நேரத்திலேயே தெரிந்தது. "ரசம் நல்லா வரும்."

பானுப்பிரியா சிரித்தாள். மேசையில் பட்டை விழுந்தபோது சிரித்தாளே, அதே சிரிப்பு. இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் பார்க்கட்டும் என்று விட்டாள்.

ஜக்கையன் பெட்டியின் மேல் கையை ஊன்றி வாகாக நின்றுகொண்டார். புளி எந்த ஊர்ப் புளி, பருப்புத் தண்ணீர் விடுவாரா என்று மாப்பிள்ளையிடம் அவர் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து பொற்கொடி அவர் தோளைத் தொட்டாள்.

"சின்னக் குடும்பத்துக்குக் கங்காணி எதுக்கு? வெளிய வாங்க."

"உனக்கு யாரு சொன்னா அந்தக் கதைய?"

"நீங்கதான். நேத்து இட்லிக்கு மாவு ஆட்டி முடிக்கிற வரைக்கும் சொன்னீங்க. வாங்க, அங்க முத்துக்கிருஷ்ணன் அண்ணன் உங்க காயில பாதியக் கடிச்சே தீத்துட்டாரு."